இருபத்தெட்டாவது நாள்: குறைமாதப் பிள்ளைகளின் கண்ணும் தவறிப்போன ஒரு திகதியும்

அந்த அட்டையை அவர் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறார். காணி உறுதி, காணாமல்போன தம்பியைப் பற்றிக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், மெனிக் பாம் முகாமில் தந்த பதிவுத் துண்டு எல்லாம் அதே பைக்குள்தான் இருக்கின்றன. மகளை வைத்தியசாலையிலிருந்து அனுப்பியபோது கொடுத்த அட்டை அது. நான்கு வரி ஆங்கிலக் கையெழுத்து. மூன்றாவது வரியின் முடிவில் 'ஆர்.ஓ.பி.' என்று மூன்று ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் ஒரு திகதி.

"இந்த மூண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் எண்டு அவளுக்கு அஞ்சு மாசம் ஆகேக்கதான் எனக்குத் தெரியும், தங்கச்சி" என்றார்.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் அவரைச் சந்தித்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருபதுகளின் பெரும்பகுதி இடப்பெயர்விலும் பிறகு முகாமிலும் போய்விட்டது. 2011இல் திருமணம். ஏழு வருடம் பிள்ளை இல்லை. கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் ஐ.வி.எஃப். சிகிச்சை செய்துகொண்டார். கனடாவில் இருக்கும் அண்ணா பாதிக் காசு அனுப்பினார், மீதிக்குக் காணியை ஈடு வைத்தார்கள். 2018இல் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன, 29ஆவது கிழமையில். மகள் 1,300 கிராம், மகன் 1,050 கிராம்.

மகன்தான் பயமுறுத்திக்கொண்டிருந்தான். மூச்சு நின்று நின்று வந்தது, இரத்தம் ஏற்றினார்கள். மகள் தேறிவிட்டாள். 24ஆவது நாள் அவளை வீட்டுக்குக் கிட்டவுள்ள வைத்தியசாலைக்கு மாற்றினார்கள், பால் குடித்து நிறை கூடட்டும் என்று. அம்மம்மா அவளோடு போனார், தாய் மகனோடு நின்றார். அடுத்த கிழமை கண் வைத்தியர் குறைமாதப் பிள்ளைகளின் விடுதிக்கு வந்து மகனைப் பார்த்தார், பிறகு கிழமைக்குக் கிழமை பார்த்தார், ஒரு நாள் லேசர் செய்தார். மகளுக்கான திகதி அட்டையில் இருந்தது. அன்றைக்கு அவளை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. போக வேண்டும் என்று அம்மம்மாவுக்குத் தெரியாது. இரண்டாவது வைத்தியசாலையில் இருந்தவர்கள் முதலாவது இடத்தில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்திருக்கலாம்.

ஐந்தாம் மாதத்தில் மகள் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. கை முட்டியால் கண்ணை அழுத்திக்கொண்டே கிடந்தாள். கருவிழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கொழும்பில் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் விழித்திரை கழன்று போயிருந்தது. சின்னவன் பார்க்கிறான். பெரியவள் பார்க்கவில்லை.

ஊரில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. "ரியூப் பிள்ளை, அதுதான்." மாமியார் ஒரு தடவை நேரடியாகவே சொல்லியிருக்கிறார். என்னிடமும் அவர் கேட்டது அதைத்தான். "ஊசி போட்டு, மருந்தெடுத்து, வலிஞ்சு பெத்ததாலயா அவளுக்கு இப்பிடி?"

அவருக்கு அன்று ஒழுங்கான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்தும், கண் வைத்தியர் ஒருவரிடம் கேட்டும் விளங்கிக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண் எப்படி வளர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கருவுக்கு ஏறக்குறைய 16 கிழமை ஆகும்போது விழித்திரைக்கான இரத்தக் குழாய்கள் வளரத் தொடங்குகின்றன. கண்ணின் பின்பக்கம் பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து அவை நாலாபுறமும் ஓரத்தை நோக்கிப் போகும். மூக்குப் பக்கத்து ஓரத்தை 36ஆவது கிழமையளவில் எட்டும். காதுப் பக்கத்து ஓரம் இன்னும் தூரம், அங்கே போய்ச் சேர 40ஆவது கிழமை ஆகிவிடும். ஆக, 29 கிழமையில் பிறக்கும் பிள்ளையின் கண்ணில் இந்த வேலை பாதியில் நிற்கிறது.

வன்னியில் வயல் செய்தவர்களுக்கு இதை வாய்க்காலை வைத்துச் சொன்னால் சுலபமாக விளங்கும். குளத்துத் தண்ணீர் முதலில் கிட்டவுள்ள வயல்களுக்குப் போகும், கடைசி வயலுக்குக் கடைசியில்தான் வரும். தண்ணீர் வராத கடைசி வயல்காரர் கூப்பாடு போடுவார், அந்தக் கூப்பாட்டை நோக்கி வாய்க்கால் வெட்டப்படும். கருவறைக்குள் ஒட்சிசன் குறைவு. ஒட்சிசன் போதாத விழித்திரைப் பகுதி வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதுதான் கூப்பாடு. குழாய்கள் அதை நோக்கி ஒழுங்காக, மெதுவாக வளர்கின்றன.

பிள்ளை முன்கூட்டியே வெளியே வந்துவிட்டால், மேலதிக ஒட்சிசன் கொடுக்காவிட்டாலும்கூட, கருவறையில் இருந்ததைவிடக் கூடுதல் ஒட்சிசன் இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. கூப்பாடு அடங்குகிறது. வாய்க்கால் வெட்டுவது நிற்கிறது. சில கிழமைகள் போனதும் விழித்திரை வளர்ந்து அதன் தேவை கூடுகிறது, ஓரங்களுக்கோ ஒன்றும் போய்ச்சேரவில்லை. இப்போது எல்லா வயலும் ஒரே நேரத்தில் கத்துகின்றன. அவசரத்தில் கண்ட கண்ட இடத்தில் வரம்பை வெட்டினால் என்ன ஆகுமோ அதுதான் கண்ணிலும் ஆகிறது. நொய்ந்த புதுக் குழாய்கள் விழித்திரையை விட்டுக் கண்ணின் நடுப்பகுதிக்குள் வளர்கின்றன, கசிகின்றன, தழும்பாகின்றன. அந்தத் தழும்பு சுருங்கும்போது விழித்திரையையே இழுத்துக் கழற்றிவிடுகிறது. ஆர்.ஓ.பி. என்று சுருக்கி எழுதப்படும் குறைமாத விழித்திரை நோய் இதுதான்.

இந்த நோய் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இலேசாக வந்து தானாகவே அடங்கிவிடும். ஒரு பகுதியினருக்குத்தான் அது முற்றும். யாருக்கு முற்றும் என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கண் சிவக்காது, பீளை வராது, பிள்ளை அழாது. தாய்க்குத் தெரியும் அடையாளங்கள் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

பிறந்த அன்றைக்கே கண்ணைப் பார்த்தாலும் பிரயோசனமில்லை. கூப்பாடு அடங்கும் கட்டம் முடிந்து, இரண்டாவது கட்டம் தொடங்க வேண்டும். கருவின் வயதைக் கணக்கிட்டால் 31ஆவது கிழமைக்கு முன் கவலைக்குரிய மாற்றம் அரிது. முற்றுவதென்றால் பெரும்பாலும் 35 முதல் 38 வரையான கிழமைகளில் முற்றும். அதனால்தான் பிறந்து நான்கு கிழமையளவில், அதாவது 28ஆவது நாள் அளவில், முதல் பரிசோதனை என்ற கணக்கு வந்தது. மிகவும் முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளின் விதி கொஞ்சம் வேறு. பிறகு ஒன்று அல்லது இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, குழாய்கள் ஓரத்தை எட்டும்வரை பார்க்க வேண்டும். முற்றிய நிலை என்று தெரிந்துவிட்டால் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் சிகிச்சை செய்ய வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வழிகாட்டல். மாதக் கணக்கில் காத்திருக்கப் பழகிய எங்கள் கிளினிக் வாழ்க்கைக்கு இது கொஞ்சமும் ஒத்துவராத வேகம்.

லேசர் செய்வது கடைசி வயல்களைக் கைவிடுவது போன்றது. இரத்தம் போகாத ஓரப் பகுதிகளைச் சுட்டுச் செயலிழக்கச் செய்கிறார்கள். அவை பிறகு கத்தாது. ஓரப் பார்வையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து நடுப் பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். இன்னொரு வழி, கண்ணுக்குள் ஊசி மூலம் மருந்து போட்டு அந்தப் புரதத்தையே அடக்குவது. ஓரப் பார்வை போகாது என்பது அதன் நன்மை. ஆனால், மருந்தின் வலு குறைந்ததும் கூப்பாடு திரும்பத் தொடங்கலாம், அதனால் இன்னும் நீண்ட காலம் திரும்பத் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். பேருந்து இரண்டு மாறி வரும் தாய்க்கு எந்தச் சிகிச்சை பொருத்தம் என்பதில் இதுவும் ஒரு கணக்கு.

"அப்ப அந்தக் காத்தாலதான் வந்ததோ?" என்று அம்மம்மா கேட்டார். ஒட்சிசனைச் சொல்கிறார். இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1942இல் பொஸ்டன் நகரில் தியோடர் டெரி என்ற கண் வைத்தியர்தான் குறைமாதப் பிள்ளைகளின் இந்தக் குருட்டுத்தன்மையை முதலில் விவரித்து எழுதினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் பார்வையிழந்தார்கள். அதில் பெரும்பாலானவை வசதியான நாடுகளின் நல்ல வைத்தியசாலைகள். 1950இல் ஆறு கிழமை முன்கூட்டிப் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். 1951இல் மெல்பேணில் கேட் கம்பெல் என்ற குழந்தை வைத்தியர் கட்டுப்பாடில்லாமல் கொடுக்கும் ஒட்சிசன்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். வொஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் என்பவர் குறைந்த ஒட்சிசன், கூடிய ஒட்சிசன் என்று பிள்ளைகளைப் பிரித்து ஆய்வு செய்தபோது, குறைந்த ஒட்சிசன் கிடைத்த பிள்ளைகளுக்குச் சில தாதியர் இரவில் இரகசியமாகக் கூட்டி வைத்தார்களாம். அந்தப் பிள்ளைகள் மூச்சுக்குத் தவிப்பார்கள் என்ற இரக்கத்தில் செய்தது. பிறகு 1953இல் தொடங்கி 18 அமெரிக்க வைத்தியசாலைகள் சேர்ந்து செய்த ஆய்வு சந்தேகத்தைத் தீர்த்தது.

உடனே எல்லோரும் ஒட்சிசனைக் குறைத்தார்கள். குருட்டுத்தன்மை குறைந்தது, ஆனால் மூச்சுக் கிடைக்காமல் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. இந்த இழுபறி இன்னும் முடியவில்லை. 2010இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இரத்தத்தின் ஒட்சிசன் செறிவை 85 முதல் 89 வீதத்துக்குள் வைத்த பிள்ளைகளுக்குக் கண் நோய் குறைவாக இருந்தது, இறப்பு அதிகமாக இருந்தது. 91 முதல் 95 வீதத்துக்குள் வைத்தவர்களுக்கு இது மறுதலை. ஆகவே அம்மம்மாவுக்குச் சொல்லக்கூடிய பதில் இதுதான்: ஒட்சிசன் இல்லாமல் அந்த இரண்டு பிள்ளைகளும் இருந்திருக்க மாட்டார்கள். அளந்து கொடுக்க வேண்டும், கண்ணையும் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

ஐ.வி.எஃப். மூலம் பிறந்த உலகின் முதல் பிள்ளை லூயிஸ் பிரவுன். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்தார். ஒரு முட்டை, ஒரு கரு, ஒரு பிள்ளை. பிறந்த நிறை 2.6 கிலோ. இந்த நோய் வருவதற்கான குறைமாதம் அங்கே இல்லை. பிறகுதான் வெற்றி வாய்ப்பைக் கூட்டுவதற்காக இரண்டு, மூன்று கருக்களை ஒன்றாக வைக்கும் வழக்கம் பரவியது. இரட்டைப் பிள்ளைகள் பெருகினார்கள். அமெரிக்கப் பதிவுகளின்படி இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் 37 கிழமைக்கு முன்பே பிறக்கிறார்கள். ஒரே சூலில் மூன்று என்றால் சராசரியே 32 கிழமையளவுதான்.

1990களிலிருந்து பிரிட்டன், இஸ்ரேல் போன்ற நாடுகளில் கண் வைத்தியர்கள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். விழித்திரை நோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்குள் சிகிச்சையால் கருத்தரித்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தெரிந்தார்கள். ஆனால், ஒரே கிழமையில், ஒரே நிறையில் பிறந்த இயற்கைக் கருவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பல ஆய்வுகளில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஒரு சில ஆய்வுகளில் சிறிய வித்தியாசம் மிச்சமிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கண்ணைப் பாதிப்பது எத்தனை கிழமையில் பிறந்தது, எவ்வளவு நிறையோடு பிறந்தது என்பவைதான். கண்ணாடிக் கிண்ணத்தில் கரு உருவானது கண்ணைக் கெடுக்கவில்லை. இரண்டு கருவை வைத்ததால் பிள்ளைகள் முன்கூட்டிப் பிறக்கும் வாய்ப்புக் கூடியது, அந்த வழியாகத்தான் தொடர்பு. ஐ.வி.எஃப். மட்டும் என்றில்லை, முட்டை வளர்வதற்குக் கொடுக்கும் குளோமிபீன் போன்ற குளிசைகளும் ஊசிகளும்கூட இரட்டையைக் கூட்டும்.

இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப ரெண்டு வைக்கச் சொன்னது என்ர பிழையோ?" என்றார்.

அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டேன். நிலையத்தில் ஒன்று வைக்கலாம், இரண்டும் வைக்கலாம் என்றார்களாம். "இன்னொருக்கா வாறதுக்குக் காசு எங்க தங்கச்சி? காணி ஒருக்காத்தான் ஈடு வைக்கலாம்."

சுவீடனில் 2003இலிருந்து வழமையாக ஒரு கருதான் வைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அதற்கு முந்திய காலத்தில் ஐ.வி.எஃப். பிரசவங்களில் நான்கில் ஒன்று பலபிள்ளைப் பிரசவமாக இருந்தது. பிறகு அது இருபதில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. பெல்ஜியத்தில் அதே ஆண்டு, கருக்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய கையோடு ஆறு தடவைகளுக்கான செலவை அரச காப்புறுதி ஏற்றுக்கொண்டது. இரண்டாவது வாய்ப்பு உறுதியாக இருந்தால் முதல் தடவை ஒன்றோடு நிற்கலாம். காணியை ஈடு வைத்து வருபவரிடம் ஒன்று போதும் என்று ஆலோசனை மட்டும் சொல்வதை நான் நேர்மையானதென்று நினைக்கவில்லை. போருக்குள் இளமை போய், வயது கடந்து திருமணமாகி, பிள்ளைக்காக ஒரே ஒரு தடவை முயலக்கூடிய பெண்கள் எங்கள் மாவட்டங்களில் அவர் ஒருவர் மட்டுமில்லை.

இரட்டையாக இருந்ததும் 29 கிழமையில் பிறந்ததும் நடந்து முடிந்தவை. அதற்குப் பிறகும் மகளின் கண்ணைக் காப்பாற்ற ஒரு இடம் இருந்தது, அந்தத் திகதி. அவளைவிட 250 கிராம் குறைவாக, அவளைவிட நோயாளியாக இருந்த தம்பிக்கு இன்று பார்வை இருப்பதே அதற்குச் சாட்சி. தேறிய பிள்ளை என்பதால்தான் அவள் இடம் மாற்றப்பட்டாள், இடம் மாறியதால்தான் தவறிப்போனாள். பரிசோதனை தவறுவது அதிகமும் இப்படி ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில்தான் என்று கண் வைத்தியரும் சொன்னார்.

1996இல் சென்னையில் ஓர் அரச வைத்தியசாலையில் 29ஆவது கிழமையில், 1,250 கிராம் நிறையோடு பிறந்த பெண் பிள்ளைக்கும் இதுதான் நடந்தது. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி இந்திய ரூபாய் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு அப்போது வயது பதினெட்டு.

அந்த இந்தியாவிலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கர்நாடகத்தில் 2008இல் தொடங்கிய கிட்ரோப் என்ற திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்ப உதவியாளர்கள் கமெராவோடு மாவட்ட வைத்தியசாலைகளுக்குப் போய்க் குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரையைப் படம் பிடிக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் வைத்தியர் படத்தைப் பார்த்து யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்று சொல்கிறார். பிள்ளை கண் வைத்தியரிடம் போக வேண்டியதில்லை, கமெரா பிள்ளையிடம் வருகிறது. முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் பொருந்தக்கூடிய ஒன்றாக எனக்கு இது படுகிறது.

எந்தப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்ற எல்லை நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 31 கிழமைக்கு முன் பிறந்தவர்கள் அல்லது ஒன்றரைக் கிலோவும் அதற்குக் குறைந்தவர்களும். இந்தியாவில் 34 கிழமை அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்தவர்கள். பராமரிப்புச் சீரில்லாத இடங்களில் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருகிறது என்பதால்தான் இந்திய எல்லை அகலமானது. ஆகவே உங்கள் வீட்டில் 34 கிழமைக்கு முன் ஒரு பிள்ளை பிறந்திருந்தால், கண் பரிசோதனை வேண்டுமா, எந்தத் திகதியில், எந்த இடத்தில் என்று விடுதியில் இருக்கும்போதே வைத்தியரிடம் கேளுங்கள். பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றினால் திரும்பவும் கேளுங்கள். இரட்டை என்றால் இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் அட்டையைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பரிசோதனையின்போது கண் இமையைக் கம்பியால் விரித்துப் பிடிப்பார்கள், பிள்ளை வீரிட்டு அழும், பார்க்கத் தாங்காது. அதற்காக அடுத்த தடவை போகாமல் விடாதீர்கள். ஒரு தடவை "ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும், "இனி வரத் தேவையில்லை" என்று சொல்லும்வரை அது முடியவில்லை.

நான் போயிருந்தபோது சின்னவன் தடித்த கண்ணாடி போட்டபடி முற்றத்தில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தான். முன்கூட்டிப் பிறந்தவர்களுக்குக் கிட்டப்பார்வையும் வாக்குக்கண்ணும் வருவது அதிகம், லேசர் செய்தவர்களுக்கு இன்னும் அதிகம், அதனால் அவனுக்கு ஒவ்வொரு வருடமும் கிளினிக். பெரியவள் என் மோட்டார் சைக்கிள் சத்தத்தை வைத்து "இது எங்கட ஊர் சைக்கிள் இல்லை" என்று உள்ளே இருந்து சொன்னாள். அவளைச் சுன்னாகத்து வாழ்வகத்தில் விடுவதா, கைதடி நவீல்ட் பாடசாலையில் சேர்ப்பதா என்று தாயும் தகப்பனும் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கண் தெரியாதவர் என்றால் ஷெல் பட்டதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அவளிடமும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள், போர் முடிந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளையிடம்.

புறப்படும்போது அவர் ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் கொண்டுவந்தார். பின் ஒழுங்கையில் ஒரு பெட்டைக்கு ஏழரை மாதத்தில் பிள்ளை பிறந்திருக்கிறதாம், இன்னும் விடுதியில்தானாம். அந்த மூன்று எழுத்தையும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, கீழே அதன் கருத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். பிள்ளை பிறந்த திகதியைக் கேட்டு அதையும் எழுதி, அதிலிருந்து விரல்விட்டு எண்ணி 28ஆவது நாளையும் போட்டுக் கொடுத்தேன். அது ஒரு சனிக்கிழமை. "சனிக்கிழமை கிளினிக் இருக்குமோ தெரியாது, முதலே போய்க் கேக்கச் சொல்லுறன்" என்று சொல்லிக் கடதாசியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.